சாமியோடு ஒரே பந்தியில்

16 வருடங்களுக்கு முன் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் குருவான பங்குச்சாமிக்கு, அவர் குருவாகி 25 வருடம் ஆனதற்காக, வெள்ளி விழா எடுத்தோம். மாலை 6 மணிக்குத் திருப்பலி (பூசை), 7 மணிக்குப் பாராட்டுக் கூட்டம், 8 மணிக்கு விருந்து என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். திருப்பலி முடியவே 7.40 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மேடையில் 11 பேர் பேசினார்கள். நடுநடுவே பொன்னாடை. அன்பியத்துக்கு (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு) ஒன்று, சபைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கட்சிக்காரர்கள் கொண்டுவந்தது இரண்டு என்று மொத்தம் 43.

9.30 மணி இருக்கும். வாழ்த்துமடல் வாசிக்க வேண்டியவள் நான். சட்டம் போட்ட மடலைக் கையில் ஏந்திக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் என் முறைக்காக நின்றேன். சாமியின் வலது கை நாற்காலிப் பிடியில் இருந்தது. விரல்கள் நடுங்கின. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. தை மாதக் காற்று பந்தலுக்குள் சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. இத்தனை பொன்னாடை போர்த்தினால் வியர்க்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோயில்பிள்ளை அப்படி நினைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவரைக் கடந்து, குனிந்தபடியே மேடையில் ஏறினார். சட்டைப்பையிலிருந்த நாலு பிஸ்கட்டையும், கையில் கொண்டுவந்த ஒரு டம்ளர் சீனித் தண்ணீரையும் சாமியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். என்னைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்:

“பூசை முடிஞ்சதும் சுகர் மாத்திரை போட்டாங்க டீச்சர். விழா எட்டு மணிக்கு முடிஞ்சிரும்னு நம்பிப் போட்டாங்க. இன்னும் சாப்பிடல.”

தினமும் இரவுச் சாப்பாட்டை எடுத்து வைக்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்தது விழாக்குழுவில் இருந்த 15 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாமி மயங்கி விழாமல் தப்பித்தது கோயில்பிள்ளையின் புண்ணியம். 10.15-க்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதி சனம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போயிருந்தது. சாமியோடு ஒரு வார்த்தை பேசலாம் என்று வந்த கிழவிகள், அவர் மேடையில் இருந்தவரை எட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனுஷர் எங்களுக்காக ராத்திரி பகல் பாராமல் அலைந்தவர். நாங்கள் அவருக்குச் செய்த மரியாதை, அவரைப் பட்டினி போட்டு நாலு மணி நேரம் உட்கார வைத்ததுதான். அதற்குப் பிறகு இரண்டு முறை பங்குப் பேரவைச் செயலராக இருந்தேன். முதல் திருப்பலி, வார்த்தைப்பாட்டு விழா (துறவிகள் துறவு வாழ்வுக்கு வாக்குக் கொடுப்பது), வெள்ளி விழா, பொன்விழா, மாற்றல், பணி ஓய்வு என்று எப்படியும் 20 வரவேற்புகளுக்கு மேல் முன்னின்று செய்திருப்பேன். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமப் பங்கு. 12 அன்பியங்கள், முந்நூற்றுச் சொச்சம் தலைக்கட்டு. பீடி சுற்றும் வீடுகளும் வாழை போடுகிற வீடுகளும்தான் அதிகம். பெரிய நகரத்துப் பங்குகளுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனால் எங்கே விழா எடுத்தாலும், யாருக்காக எடுக்கிறோமோ அவரும் சனங்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பந்தல், மேளம், மேடை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது எந்த விழாவுக்கும் குழு கூடுவதற்கு முன்பே நானும் இன்னொருவரும் போய் விழா நாயகரையே பார்த்துவிடுகிறோம். மாத்திரை எத்தனை மணிக்கு, எது சாப்பிடுவார், எது ஆகாது, எவ்வளவு நேரம் நிற்க முடியும், முழங்கால் வலி உண்டா, அவருக்கு யார் வரவேண்டும், யாரை விட்டுவிடக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். முதலில் எல்லாரும், “எனக்கு ஒண்ணும் வேண்டாம் டீச்சர், உங்க இஷ்டம்” என்றுதான் சொல்வார்கள். விடக்கூடாது. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் வாய் திறப்பார்கள். ஒரு வயதான சாமி தயங்கித் தயங்கி, “என்கூட குருமடத்துல படிச்சவர் இப்ப முதியோர் குருக்கள் இல்லத்துல இருக்கார், அவரைக் கூட்டிவர ஒரு கார் கிடைக்குமா?” என்று கேட்டார். அந்தக் காருக்கு ஆன செலவு 2,400 ரூபாய். அந்த விழாவில் அவருக்கு நிறைந்த சந்தோஷத்தைக் கொடுத்த செலவு அதுதான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பேச்சை மூன்றாகக் குறைத்தோம். வரவேற்பு ஒருவர், வாழ்த்து ஒருவர், விழா நாயகரின் ஏற்புரை. எழுதிப் படிக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இதற்குப் பெரிய மனஸ்தாபம் வந்தது. வருடாவருடம் பேசியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போய், “பந்தியில சாமி பக்கத்துல உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க அண்ணாச்சி, மைக் மட்டும் வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டேன். ஒருவரைத் தவிர எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் உண்டு: பாராட்டைத் திருப்பலிக்குள் நுழைக்காமல் இருப்பது. நன்மை (நற்கருணை) வாங்கிவிட்டு அமைதியாகச் செபிக்க வேண்டிய நேரத்தில் பொன்னாடையும் கைதட்டலும் எனக்குச் சரியாகப் படவில்லை. விழா நாயகரான சாமிகளில் அநேகருக்கும் அது பிடிப்பதில்லை. பூசை பூசையாக முடியட்டும், மற்றதெல்லாம் பந்தலில் நடக்கட்டும்.

பொன்னாடை விஷயத்துக்கு வருகிறேன். அந்த 43 பொன்னாடையையும் சாமி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு சாக்குப்பையில் கட்டி அறை மூலையில் வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, “இதை யாருக்கு டீச்சர் கொடுக்கிறது? குளிருக்கும் ஆகாது, துடைக்கவும் ஆகாது” என்றார். ஒன்று 150 ரூபாய் என்று வைத்தாலும் ஆறாயிரத்துக்கு மேல். இப்போது பங்கு முழுமைக்கும் சேர்த்து ஒரே பொன்னாடை. ஊரிலேயே மூத்த பாட்டியோ தாத்தாவோ அதைப் போர்த்துவார். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுப்பது ஒரு நோட்டு. 200 பக்கம், நல்ல அட்டை போட்டது. விழாவுக்கு மூன்று வாரம் முன்னாலிருந்து அது அன்பியம் அன்பியமாகச் சுற்றும். அந்தச் சாமியோ சிஸ்டரோ தங்கள் வீட்டுக்குச் செய்த ஏதாவது ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மறைக்கல்விப் பிள்ளைகள் எழுதுவார்கள். ‘அன்பும் பாசமும் நிறைந்த’ என்று பொதுவாக எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள் என்று அன்பியத் தலைவிகளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

முதல் நோட்டில் ஒரு பீடி சுற்றும் அம்மா சொல்லி, அவர் பேத்தி எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம் (நோயில்பூசுதல் என்பது நோயாளிக்குச் சாமி எண்ணெய் பூசிச் செபிப்பது): “எங்க வீட்டுக்காரருக்கு நோயில்பூசுதல் கொடுக்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு பைக்ல வந்தீங்க. மழை. நீங்க உள்ள வந்ததும் உங்க அங்கியில இருந்து தரையில தண்ணி சொட்டுச்சு. நான் துடைக்கல. நீங்க போன பிறகும் அந்த ஈரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.” அந்தச் சாமி மாற்றலாகிப் போனபோது புத்தகங்களில் பாதியை வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த நோட்டைக் கைப்பையில் வைத்து எடுத்துப்போனார்.

அடுத்தது பந்தி. எங்கள் ஊரில் வெகுகாலமாக ஒரு வழக்கம். ஆயரும் (பிஷப்) சாமிமார்களும், சாமி தங்கும் பங்களாவுக்குள் மேசை போட்டுச் சாப்பிடுவார்கள், சனங்கள் பந்தலில். சிஸ்டர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று யாரும் கவனிக்கவே இல்லை. பல தடவை அவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதை மாற்றியதுதான் எங்கள் விழாக்களின் முகத்தையே மாற்றியது. இப்போது எல்லாருக்கும் பந்தலில் ஒரே பந்தி, ஒரே இலை. வயதானவர்களுக்காக ஓரமாக நாலு மேசை. முதல் பந்தியில் விழா நாயகருக்கு இரண்டு பக்கத்து இடத்தையும் காலியாக விட்டுவிடுவோம். குழுவில் ஒரு இளைஞரின் வேலை, ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக அங்கே அழைத்து வந்து உட்கார வைப்பது. நடக்க முடியாதவர்கள், சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர்கள், கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்கள் ஆகியோருக்கு முதலிடம். பட்டியலை முந்தின நாளே எழுதி வைத்துவிடுவேன்.

சமையல் கணக்கில் நாங்கள் பட்ட பாடு ஒன்று. குடும்பக் கணக்கில் ஆள் எண்ணக் கூடாது. 300 குடும்பம், வீட்டுக்கு மூன்று பேர் என்று ஒருமுறை குத்துமதிப்பாகச் சமைத்து 40 கிலோ சோறு மீந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு முன்பே அன்பியத் தலைவிகள் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணிக்கை எடுத்து டோக்கன் கொடுத்துவிடுவார்கள். எங்கள் சமையல் மாஸ்டர் கணக்கில், கோழி பிரியாணிக்கு ஒரு கிலோ சீரகச்சம்பா எட்டிலிருந்து ஒன்பது பேருக்கு வரும். சின்னப் பிள்ளைகளை அரை ஆளாகப் பிடித்தால் சரியாக இருக்கும். வெளியூர் விருந்தினருக்கு என்று மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வோம். சர்க்கரைக்காரர்களுக்கு இட்லி, சாம்பார் தனியாக உண்டு. ஒரு மாற்றல் விழாவைக் கவனிக்காமல், இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் குறித்து, ஆட்டுக்குச் சொன்ன முன்பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தோம். ஆகவே தேதி குறிக்கும்போது திருவழிபாட்டு நாள்காட்டி கையில் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் இதற்கு ஏற்ற காலம் இல்லை. பள்ளித் தேர்வு நாட்களும் அப்படியே. ஒலிபெருக்கிக்குக் காவல்நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இரவு 10 மணிக்குமேல் போடக் கூடாது. ஃபிளெக்ஸ் பேனரை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். 2019-இல் சென்னையில் சாலை நடுத் தடுப்பில் வைத்த பேனர் சரிந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்த செய்தி வந்த வாரத்தில் பேரவையில் எடுத்த முடிவு அது. கோயில் வாசலில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் போதுமானதாக இருக்கிறது.

புதுச்சாமியின் முதல் திருப்பலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பையன் பிளஸ் டூ முடித்துக் குருமடம் போனால் தயாரிப்பு, மெய்யியல், களப்பணி, இறையியல் என்று பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிவிடும். 25 வயது முடியாமல் குருப்பட்டம் கொடுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அத்தனை வருடம் ஒரு வீடு காத்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போன பையன் இறையியல் படிக்கும்போதே அவன் அப்பா தவறிவிட்டார். அம்மா பீடி சுற்றித்தான் மற்ற இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றினார்.

குருப்பட்டம் கொடுக்கும் அருட்பொழிவுக்கு மறுநாள் மாலை ஊர் எல்லையில் வரவேற்பு. திறந்த ஜீப் வேண்டாம், நடந்தே வருகிறேன் என்று புதுச்சாமி சொல்லியிருந்தார். பேண்டு வாத்தியம் முழங்கியது. ஏழு பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். ஏழு பேரும் கணவரோடு வாழ்கிறவர்கள். அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள், நானும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பட்டுப் புடவைகளுக்கு நடுவே அவர் அம்மாவைத் தேடினேன், காணோம். சிலை வைக்கும் குகை போன்ற கெபிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெளிர்நீலச் சேலை. கூப்பிட்டேன்.

“நான் எதுக்கு டீச்சர் முன்னால. நல்ல காரியம் நடக்கிற இடம்.”

நானும் கணவரை இழந்தவள்தான். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஞானஸ்நானம் வாங்கி, உயிர்ப்பை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் நாம். ஒரு குருவைப் பெற்றுக் கொடுத்தவளைச் சுவரோரம் நிறுத்தும் வழக்கத்தை எப்படி இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம்? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதற்குள் புதுச்சாமியே கூட்டத்தில் கண்ணால் தேடி, நின்றுவிட்டார். அம்மா வராமல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பேண்டும் நின்றது. ஆரத்தித் தட்டு ஒன்றை வாங்கி அந்த அம்மா கையில் கொடுத்தோம். அவர்தான் முதலில் சுற்றினார். கை நடுங்கியதில் சூடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. புதுச்சாமி தட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் திருப்பலி முடிவில் இன்னொன்று நடந்தது. அருட்பொழிவின்போது ஆயர் புதுக்குருவின் உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசுவார். அந்தத் தைலம் பட்ட துணியைத் தாயிடம் கொடுக்கும் பழைய வழக்கம் சில இடங்களில் உண்டு. அவர் அதைக் கொண்டுவந்திருந்தார். பீடத்திலிருந்து இறங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு நாலாக மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார். பீடிக் கம்பெனிச் சம்பளத்தை அவர் அப்படித்தான் முடிந்து வைப்பார்.

அதிலிருந்து எங்கள் விழாத் திட்டத் தாளின் முதல் வரி, பெற்றோர் எங்கே நிற்பார்கள், யார் கையைப் பிடித்து அழைத்து வருவது என்பதுதான். அப்பாவோ அம்மாவோ இல்லை என்றால் அந்த இடத்தில் யார் என்பதை வீட்டாரிடம் முன்பே கேட்டுவிடுவோம். புதுக்குருவின் கைகளை முத்தி (முத்தம்) செய்ய வரும் வரிசை எங்கள் ஊர் அளவிலேயே ஒரு மணி நேரம் நீளும். அவருக்கு முதுகு சாய்ந்த நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், வரிசையில் வயதானவர்களுக்கு முன்னுரிமை. இதைச் சொல்வதற்கு ஒரு ஆள் நின்றாலே போதும்.

ஊர் என்றால் மரியாதைச் சண்டை இல்லாமல் இருக்காது. யார் பெயர் அழைப்பிதழில் மேலே, எந்தத் தெரு முதலில் மாலை போடுவது என்று கிளம்பும் பேச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சாதியைப் பந்தலுக்குள் விட்டால் அது பீடம் வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் அன்பியங்களின் வரிசையைக் குழந்தைகள் கையால் சீட்டு எடுக்க வைத்துத் தீர்மானிக்கிறோம். அழைப்பிதழில் விழா நாயகர் பெயர், ஆயர் பெயர், பங்குத்தந்தை பெயர், ‘இறைமக்கள்’ அவ்வளவுதான். நன்கொடையை மைக்கில் வாசிப்பதில்லை. 10 ரூபாய் போடுகிறவரும் 10,000 போடுகிறவரும் மூடிய உறையில்தான் போடுகிறார்கள். அடுத்த ஞாயிறு வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மீதிப் பணம் எவ்வளவானாலும், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக வின்சென்ட் தே பவுல் சபையிடம் போய்விடும்.

சிஸ்டர்களுக்கு விழா எடுப்பதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். சாமிமாருக்கு ஆகஸ்ட் 4 இருக்கிறது. பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1859-இல் இறந்த நாள். 1818-இல் ஆர்ஸ் என்ற சின்னஞ்சிறு பிரெஞ்சுக் கிராமத்துக்குப் போனவர், 41 வருடம் அங்கேயே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (சனங்களின் பாவ அறிக்கையைக் குரு கேட்கும் இடம்) உட்கார்ந்து உடலைத் தேய்த்தவர். அந்த நாளில் பூங்கொத்தும் கேக்கும் தவறாமல் வரும். சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் பிப்ரவரி 2 இருக்கிறது. ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக்கிய திருநாள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997-இலிருந்து அதை அர்ப்பண வாழ்வு நாளாகக் கொண்டாடச் சொன்னார். மெழுகுதிரி மந்திரித்து வாங்கிப்போகும் நாள் என்றுதான் நம் சனத்துக்குத் தெரியும், பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சிஸ்டரை அன்று யாரும் நினைப்பதில்லை. ஈஸ்டர் காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, 1964-இலிருந்து இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நாள். ஊரிலிருந்து குருமடத்திலும் மடத்திலும் பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அன்று கடிதம் எழுதச் சொல்கிறோம்.

2025-இல் பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. எங்கள் ஊரில் பிறந்து 19 வயதில் மடத்துக்குப் போன ஒரு சிஸ்டருக்கு அது வார்த்தைப்பாட்டின் பொன்விழா வருடம். 50 வருடத்தில் பெரும்பகுதி வடக்கே, ஆதிவாசி மக்கள் வாழும் மலைக் கிராமங்களில் நர்ஸாக இருந்தவர். உறவினர்கள் தங்கச் சங்கிலி போடலாம் என்றார்கள். பேரவையில் சிலர் ஒரு லட்ச ரூபாய் பணமுடிப்பு என்றார்கள். அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். துறவியாக இருப்பவர் உழைத்துப் பெறுவதும் சபையின் பேரில் பெறுவதும் சபைக்குத்தான் சேரும். மறைமாவட்டச் சாமிமார் நிலை வேறு, அவர்கள் மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிக்கிறார்கள், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டால், சிஸ்டர் அதை மேடையிலேயே கழற்றிச் சபைத் தலைவியான மதர் கையில் கொடுக்க வேண்டிய சங்கடம் வரும். அன்பளிப்பு கொடுக்க நினைத்தால் முதலில் அவர் சபையின் மதரோடு பேசுங்கள். நாங்கள் பேசியபோது, சிஸ்டர் வேலை பார்த்த மருந்தகத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் போர்வைகளும் தேவை என்று தெரிந்தது. அதையே வாங்கி அனுப்பினோம்.

சிஸ்டரிடம் போனில் கேட்டேன், “உங்களுக்கு என்ன ஆசை சிஸ்டர்?” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “பனங்கிழங்கு கிடைக்குமா டீச்சர்?” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “அப்பா கல்லறைக்குப் போகணும்” என்றார். அவர் அப்பா இறந்தபோது தந்தி போய்ச் சேர்ந்து, மலையிலிருந்து இறங்கி, ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதனால் அந்த விழாவை மேடையில் தொடங்கவில்லை, கல்லறைத் தோட்டத்தில் தொடங்கினோம். காலையில் வீட்டாரும் நாங்கள் பத்துப் பேரும் மட்டும். சிலுவையில் பெயர் எழுதியிருந்த இடத்தில் பாசி படிந்து எழுத்து தெரியவில்லை. துடைத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றாமல் போனதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சிஸ்டர் யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. முழங்காலிட்டு, சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தார். அப்பா பெயர் முழுசாகத் தெரிந்ததும் அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்தார். தமிழில் பேச வார்த்தை தேடித் தேடி, நடுவில் இந்தி கலந்து பேசுகிறவர். அந்தப் பெயரை மட்டும் எங்கள் ஊர் உச்சரிப்பு மாறாமல் சொன்னார். மாலையில் பந்தலில் அவர் இலையில் பனங்கிழங்கு இருந்தது. நாரை உரித்துப் பக்கத்துச் சிறுமிக்குப் பாதி கொடுத்தார். ஏற்புரையில் நாலு வாக்கியம்தான் பேசினார். அந்தச் சிறுமி இப்போது ஞாயிறுதோறும் என்னிடம், “அந்த சிஸ்டர் எப்ப திரும்ப வருவாங்க?” என்று கேட்கிறாள்.

மாற்றல் விழாவுக்குப் பெரும்பாலும் அவகாசமே கிடைப்பதில்லை. மே, ஜூன் வாக்கில் ஆயரிடமிருந்து கடிதம் வரும், பத்து, பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும். அதில் நான் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வது, போகிற சாமியையும் வருகிற சாமியையும் ஒப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது. உதவிப் பங்குத்தந்தையும் மாற்றலானால் அவருக்கும் அதே மாலை, அதே நாற்காலி. புத்தகப் பெட்டி கட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் இளைஞர்கள் நாலு பேர் முந்தின நாளே போய்விட வேண்டும். பிறகு, வேன் பிடித்து இருபது, முப்பது பேர் கூடவே போய்ப் புதுப் பங்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம், செலவைக் காரணம் காட்டிக் கைவிடாதீர்கள். தனியாக வந்து இறங்குகிற சாமியையும், முப்பது பேர் சுமந்துகொண்டு வந்து இறக்குகிற சாமியையும் புது ஊர் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

போன வருடம் கோயில்பிள்ளைக்கு விழா எடுத்தோம். அவர் பட்டம் வாங்கியவரும் இல்லை, வார்த்தைப்பாடு கொடுத்தவரும் இல்லை. 40 வருடமாகக் கோயில் கதவைத் திறந்து, பீடம் விரித்து, சாவு மணியும் கல்யாண மணியும் அடித்தவர். அவருக்கு எடுக்காமல் நாங்கள் யாருக்கு எடுப்பது? அவர் வீட்டில் போய்க் கேட்டபோது, மேடை வேண்டாம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மேடை போடவில்லை. மதியச் சாப்பாடு, சாமிக்குப் பக்கத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் இடம். நோட்டை நான்தான் கொடுத்தேன். அதன் முதல் பக்கத்தில், பிஸ்கட்டும் சீனித் தண்ணீரும் கொண்டு மேடையேறிய அந்த இரவை நானே எழுதியிருந்தேன். 16 வருடத்துக்கு முன் வெள்ளி விழா கொண்டாடிய சாமியும் வந்திருந்தார். அந்தப் பக்கத்தை வாங்கி வாசித்துவிட்டு கோயில்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. கோயில்பிள்ளை இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, பொன்னாடையை மடித்து மனைவி கையில் கொடுத்தார்.

“மூவேளை செபத்துக்கு மணி அடிக்கணும் டீச்சர். ஆறு ஆயிட்டு.”